2024 அக்டோபர் பருவத்தின் புதிய அனிமே தொடர்கள்: முதல் சில அத்தியாயங்களைப் பார்த்தபின்

ஜப்பானியத் தொலைக்காட்சிகள் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என ஆண்டுக்கு நான்கு முறை புதிய அனிமே தொடர்களை, அதாவது ஜப்பானிய அசைபடத் தொடர்களை, களமிறக்குகின்றன. ஒரு பருவத்துக்குப் பொதுவாக 12 அல்லது 13 அத்தியாயங்கள். கதை நீளமானால் அடுத்த பருவத்துக்கும் தொடரும். 2024 அக்டோபரில் தொடங்கிய பருவம், அண்மைக் காலத்தில் நான் பார்த்தவற்றுள் மிகவும் கனமானது என்று தயங்காமல் சொல்வேன். ரீ:ஜீரோவின் மூன்றாம் பருவம், ப்ளூ லாக்கின் இரண்டாம் பருவம், ப்ளீச்சின் தொடர்ச்சி ஆகியவை முன்கதை தெரிந்தவர்களுக்கானவை என்பதால் அவற்றை விட்டுவிட்டு, புதிதாக வருபவரும் முதல் அத்தியாயத்திலிருந்தே பார்க்கத்தக்க தொடர்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நாகர்கோவிலில் கல்லூரி முடியும் நேரத்தில் பேருந்து நிறுத்தங்களில் நின்று பார்த்தால், அனிமே முகங்கள் அச்சிட்ட பனியன்களுக்குக் குறைவில்லை. ஆனால் வீட்டில் உள்ள பெரியவர்களுக்கு அது இன்னும் பொம்மைப் படம்தான். இந்தப் பருவத்தின் சிறந்த இரு தொடர்களான டாண்டாடானையும் ஆர்பையும் அந்தப் பெரியவர்களே உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். ஏனெனில் இரண்டும் ஒரே கேள்வியைக் கேட்கின்றன: ஒருவர் ஒன்றை உறுதியாக நம்பும்போது, அந்த நம்பிக்கை அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது? ஒன்று அதைச் சிரிப்பும் ஓட்டமுமாகக் கேட்கிறது, மற்றது சித்திரவதைக் கூடத்தின் வாசலில் நின்று கேட்கிறது. இரண்டுக்கும் இசையமைத்திருப்பவர் ஒருவரே, கென்சுகே உஷியோ.

டாண்டாடானின் கதை எளிய பந்தயத்தில் தொடங்குகிறது. மோமோ என்ற பள்ளி மாணவிக்குப் பேய்களில் நம்பிக்கை உண்டு, வேற்றுக்கிரகவாசிகளில் இல்லை. அவளுடைய பாட்டி செய்கோ ஆவிகளோடு பேசும் தொழில் செய்பவர். வகுப்பில் யாரும் சேர்த்துக்கொள்ளாத சிறுவன் ஒருவனுக்கு வேற்றுக்கிரகவாசிகளில் நம்பிக்கை, பேய்களில் இல்லை. மனிதர்களுக்குள் தோழர்கள் கிடைக்காததால் வானத்திலாவது கிடைப்பார்களா என்று சிறுவயதிலிருந்தே தேடியவன் அவன். யார் சொல்வது சரி என்று நிரூபிக்க அவள் பாழடைந்த மருத்துவமனைக்கும் அவன் பேய் உலவுவதாகச் சொல்லப்படும் சுரங்கப்பாதைக்கும் போகிறார்கள். இருவர் சொன்னதும் உண்மையாகிவிடுகிறது. சிறுவனின் பெயரும் மோமோவுக்குப் பிடித்த நடிகர் கென் தகாகுராவின் பெயரும் ஒன்றாக இருப்பதால், அந்தப் பெயரை வாயால் சொல்ல முடியாமல் அவள் அவனை ஒகாருன் என்று அழைக்கத் தொடங்கும் இடம் தொடக்க அத்தியாயங்களின் மிக அழகான பகுதி. காதல் என்று யாரும் சொல்லாமலேயே பார்ப்பவருக்கு எல்லாம் புரிந்துவிடுகிறது.

சயன்ஸ் சாரு நிறுவனம் இதை வரைந்திருக்கும் முறையைத் தனியாகச் சொல்ல வேண்டும். இயக்குநர் ஃபூகா யமாஷிரோ வண்ணங்களையே கதைசொல்லியாக்கியிருக்கிறார்: வேற்றுக்கிரகவாசிகள் வரும் காட்சிகளில் பெரும்பாலும் நீலமும் பச்சையும், டர்போ பாட்டி என்ற கிழவிப் பேய் வரும் காட்சிகளில் சிவப்பு. எந்த வகை ஆபத்து வருகிறது என்பதை உருவம் தெரிவதற்கு முன்பே கண் அறிந்துகொள்கிறது. ராட்சத நண்டின் உருவில் ஓர் ஆவி ரயிலைத் துரத்தும் நான்காம் அத்தியாயத்துக் காட்சியில் கோடுகள் வேண்டுமென்றே கோணலாகி, உடல்கள் இழுபட்டு, ஓட்டத்தின் வேகம் பார்ப்பவரின் மூச்சில் ஏறுகிறது. நுணுக்கமாக வரைந்த படங்களை அசையவிட்டால் போதும் என்று நினைக்கும் தயாரிப்புகளுக்கு நடுவே இது பெரும் ஆறுதல்.

இத்தொடரில் என்னை அதிகம் தொட்டது செய்கோ பாட்டியின் தொழில் விவரம். அவருடைய ஆற்றல் தம் ஊரின் தெய்வத்திடமிருந்து வருவது. அது ஊர் எல்லைக்குள்தான் முழுமையாகப் பலிக்கும். ஆகவே பேயை வெல்ல வேண்டுமானால், செய்கோ காத்திருக்கும் எல்லைவரை அதை இழுத்து வந்தாக வேண்டும். காவல் தெய்வங்களுக்கு எல்லை உண்டு என்பதைப் பேச்சுவழக்கிலேயே வைத்திருக்கும் நாஞ்சில் நாட்டவருக்கு இந்த விதியை யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தப் போராட்டம் முடிந்தபின், அந்தச் சுரங்கப்பாதையில் கொடூரமாகக் கொல்லப்பட்ட பெண்பிள்ளைகளின் ஆவிகளுக்கு ஆறுதலாக டர்போ பாட்டி அங்கே இருந்தாள் என்று செய்கோ சொல்கிறார். கொடை விழாவில் கள்ளியங்காட்டு நீலியின் கதையை வில்லுப்பாட்டாகக் கேட்டவர்கள் இந்த இடத்தில் சற்று நிமிர்ந்து உட்காருவார்கள். வஞ்சித்துக் கொல்லப்பட்ட ஒருத்தியின் சினத்துக்கு ஊர் அஞ்சுவதும், பின்னர் அவளையே இசக்கியாகப் பீடத்தில் ஏற்றிப் படையல் வைப்பதும் நம் மண்ணில் ஒரே வழிபாட்டின் இரு பக்கங்கள். பேயை விரட்ட வேண்டிய பொருளாக மட்டும் காட்டாமல், அவளுக்கு நேர்ந்த அநீதியைக் கேட்கச் செய்யும் இந்த மனப்பாங்கு டாண்டாடானை வெறும் அதிரடித் தொடராக இருக்கவிடவில்லை.

குறையையும் சொல்ல வேண்டும். முதல் அத்தியாயத்தில் வேற்றுக்கிரகவாசிகள் மோமோவைக் கட்டிவைத்து ஆடை களையும் காட்சி, அச்சத்தைக் காட்டுவதற்குத் தேவையானதைவிட நீளமாகவும் கூச்சமின்றியும் வரையப்பட்டிருக்கிறது. பள்ளி மாணவி ஒருத்தியை அப்படிக் காட்டியதற்குக் கதையில் எந்த நியாயமும் எனக்குக் கிடைக்கவில்லை. ஒகாருன் இழக்கும் உடலுறுப்பைச் சுற்றிய நகைச்சுவையும் எல்லோருக்கும் உகந்ததல்ல. அக்காள் மகனுக்கோ தங்கை மகளுக்கோ காட்ட நினைப்பவர்கள் முதலில் தாம் தனியாகப் பார்த்துவிடுவது நல்லது.

ஆர்ப் முற்றிலும் வேறு வகை. உவோட்டோ வரைந்த இதன் மூல மங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) 2022ஆம் ஆண்டின் தெசுகா ஒசாமு கலாசாரப் பரிசைப் பெற்றது. அனிமேயாக்கியிருப்பது மேட்ஹவுஸ் நிறுவனம். பதினைந்தாம் நூற்றாண்டின் ஐரோப்பிய நாடு ஒன்றில், 12 வயதில் பல்கலைக்கழகம் புகவிருக்கும் ரஃபால் என்ற சிறுவன் வாழ்கிறான். பெரியவர்கள் விரும்புவதைச் சொல்லி, எல்லோரிடமும் நல்ல பெயர் வாங்கி, சுகமாக வாழ்வதே அறிவுடைமை என்பது அவன் கணக்கு. அவனுக்கு வானியலில் ஆசை உண்டு, வளர்ப்புத் தந்தை அதை விட்டுவிடச் சொல்கிறார், அவனும் தலையாட்டுகிறான். சமயத் துரோகக் குற்றத்துக்குத் தண்டனை பெற்று வெளிவந்த ஹூபர்ட் என்ற அறிஞர் அவனிடம் வந்து சேர்வதிலிருந்து கதை திரும்புகிறது. கோள்களின் பாதைகளை விளக்க வட்டத்துக்குள் வட்டமாக வரைந்து குவித்த அக்காலப் படத்தைச் சிறுவன் முன் வைத்து, இது அழகாக இருக்கிறதா என்று அவர் கேட்கிறார். சரியா தவறா என்று கேட்காமல் அழகா என்று கேட்பதில்தான் இத்தொடரின் உயிர் இருக்கிறது. சூரியனை நடுவில் வைத்தவுடன் அந்தச் சிக்கல் முழுவதும் அவிழ்வதைக் கண்ட சிறுவனால், அதன் பிறகு பழைய கணக்கின்படி வாழ முடிவதில்லை.

சூரியன் கடலிலிருந்து எழுவதையும் கடலுக்குள் இறங்குவதையும் ஒரே ஊரில் நின்று பார்க்கக் கூட்டம் கூட்டமாக மக்கள் வந்திறங்கும் மாவட்டம் நம்முடையது. சித்ரா பௌர்ணமி மாலையில் குமரிமுனையில் ஒருபுறம் கதிரவன் மறைவதையும் மறுபுறம் நிலவு எழுவதையும் பார்த்தவர்களுக்கு, நகர்வது நாம் நிற்கும் பூமிதான் என்பது பாடத்தில் படித்ததாக இருக்குமே தவிர, கண்ணால் உணர்ந்ததாக இராது. நம் கண் சொல்வதற்கு எதிராக ஒருவர் முதன்முதலாக எண்ணத் துணிவதற்கு எத்தகைய மனவலிமை வேண்டும் என்பதை ஆர்ப் உணரவைக்கிறது. இரவு நேரத்தில் தனியாக வானைப் பார்க்கும் ரஃபாலின் முகத்தை அது அவசரமின்றிக் காட்டுகிறது. அந்த முகத்தில் வரும் மாற்றத்தைக் குரலால் தாங்கிப் பிடித்திருப்பவர் மாயா சகமோட்டோ. விசாரணை அலுவலர் நோவாக்காகப் பேசும் கென்ஜிரோ ட்சுடா குரலை ஒருமுறைகூட உயர்த்துவதில்லை. அன்றாட அலுவலைப் போல அவர் கொடுமை செய்வதுதான் நடுங்கவைக்கிறது.

கிறிஸ்தவர்கள் பெருமளவில் வாழும் நம் பகுதியில் இத்தொடரைப் பார்ப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். இது வரலாறு அல்ல, புனைவு. சூரியமையக் கொள்கையை விளக்கிய கோப்பர்னிக்கஸின் நூல் வெளியானது 1543இல்தான். அவரே ஒரு பேராலயத்தின் திருச்சபைப் பணியில் இருந்தவர். கலிலியோ மீதான விசாரணை 1633இல் நடந்தது. கதையில் வருவதுபோல் பதினைந்தாம் நூற்றாண்டில் இக்கொள்கைக்காக ஒரு வேட்டை நடந்ததில்லை. நாட்டையும் சமயத்தையும் முழுப்பெயரிட்டுச் சொல்லாமல் ஒற்றை எழுத்துகளால் குறிப்பதன் மூலம் ஆசிரியரும் இதை உணர்த்தியிருக்கிறார். ஒரு சமயத்தின் மீதான குற்றப்பத்திரிகையாக அன்றி, அறிவுக்காக ஒருவர் எதை இழக்கத் துணிவார் என்ற விசாரணையாகப் பார்த்தால்தான் தொடர் முழுப்பயன் தரும். தொடக்கத்திலேயே சித்திரவதைக் காட்சி வருவதால் இது சிறுவர்களுக்கு உரியதல்ல.

ப்ளூ பாக்ஸ் இந்த இரண்டின் கனத்திலிருந்து விலகி மூச்சுவிட இடம் தருகிறது. இறகுப்பந்து விளையாடும் தைகி, அதிகாலையில் உள்விளையாட்டரங்கில் தனக்கு முன்பே வந்து கூடைப்பந்து பயிலும் சினாட்சு அக்காவின் மீது மனம் வைக்கிறான். அவளுடைய பெற்றோர் வெளிநாடு செல்ல, தாய்மார் இருவரும் பழைய அணித்தோழிகள் என்பதால், அவள் தைகியின் வீட்டிலேயே தங்க வருகிறாள். கேட்பதற்குச் செயற்கையாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டை, பயிற்சியின் மீது இருவருக்கும் உள்ள மரியாதை காப்பாற்றிவிடுகிறது. பலகைத் தரையில் காலணி கிறீச்சிடுவதும், பந்து வலையில் உரசி விழுவதும், காலை வெளிச்சம் சன்னல் வழியே சாய்வதும் அவ்வளவு கவனமாகச் செய்யப்பட்டிருக்கின்றன. வயது வேறுபாடின்றிக் குடும்பத்தோடு பார்க்க இந்தப் பருவத்தில் இதைவிட ஏற்ற தொடர் இல்லை.

ருமிகோ தகாஹாஷியின் ரன்மா 1/2 கதையை மாப்பா நிறுவனம் மீண்டும் எடுத்திருக்கிறது. 1989இல் வந்த முதல் அனிமேயில் பேசிய கப்பெய் யமகுச்சி, மெகுமி ஹயாஷிபாரா, நொரிகோ ஹிடகா ஆகியோரே மறுபடியும் பேசுகிறார்கள் என்பதும், அந்தக் குரல்களில் இளமை குன்றாமலிருப்பதும் வியப்புக்குரியவை. நகைச்சுவையின் கால அளவு துல்லியமாக உள்ளது. சில பழைய வேடிக்கைகள் மட்டும் இன்று சலிக்கின்றன. டிராகன் பால் டைமா, அந்தக் கதையைப் படைத்து 2024 மார்ச் மாதம் மறைந்த அகிரா தொரியாமாவின் கடைசிப் பங்களிப்புகளுள் ஒன்று. நாயகன் கோகுவைச் சிறுவனாக்கிப் பழைய பயணக் குதூகலத்துக்குத் திரும்பியிருக்கும் தொடக்கம் நன்றாகவே இருக்கிறது.

டாண்டாடான், ஆர்ப், ப்ளூ பாக்ஸ், ரன்மா நான்கையும் நெட்பிளிக்ஸில் பார்க்கலாம் என்பதால் ஒரே சந்தா போதும். ஆனால் 2024இல் 149 ரூபாயாக இருந்த கைபேசித் திட்டத்தில் படத்தெளிவு 480பி அளவிலேயே நிற்கும். ஆர்பின் பெரும்பகுதி இரவுக் காட்சிகள். அந்தத் தெளிவில் விண்மீன்களும் முகபாவங்களும் கருமைக்குள் கரைந்துவிடுகின்றன. இத்தொடருக்காகவே 720பி தரும் அடுத்த திட்டத்தை (2024இல் 199 ரூபாய்) எடுத்து, அறை விளக்கை அணைத்துத் தொலைக்காட்சியில் பார்க்கலாம். நான் ஜப்பானிய ஒலியோடு ஆங்கில வசன வரிகளைப் படித்தே பார்த்தேன். ஆர்பில் உரையாடல் அடர்த்தி அதிகம். ஹூபர்ட் பேசும் இடங்களில் படத்தை நிறுத்தி நிறுத்திப் படிக்க நேரிட்டாலும் அந்தப் பொறுமைக்குத் தகுதியான பேச்சுகள் அவை. அக்டோபர் மழையில் மின்சாரம் போவதும் இணையம் தடுமாறுவதும் நமக்குப் பழக்கம் என்பதால், டாண்டாடானையும் ப்ளூ பாக்ஸையும் ஆர்பையும் ரன்மாவையும் கைபேசியில் முன்கூட்டியே பதிவிறக்கிக்கொள்ளலாம். நேரம் குறைவாக உள்ளவர்கள் ஆர்பின் முதல் மூன்று அத்தியாயங்களை மட்டுமாவது தொடர்ச்சியாக ஒரே அமர்வில் பார்க்கட்டும்; மூன்றாவதன் முடிவை யாரிடமும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டாம்.