பச்சை டப்பா மூலிகைக் களிம்பு: ஆறு மாதம் பயன்படுத்திய பிறகு

என் இளைய மகளுக்கு ஏழு வயது. எங்களுக்கெல்லாம் கொசு கடித்தால் சின்னதாகச் சிவந்து அரை மணியில் அடங்கிவிடும். அவளுக்கு மட்டும் கோலிக்குண்டு போல வீங்கி இரண்டு நாள் அரிக்கும். தூக்கத்திலேயே சொறிந்து புண்ணாக்கிக்கொள்வாள். அவளுக்காகத்தான் இந்த 20 கிராம் டப்பாவை வாங்கினேன். இப்போது ஓடுவது மூன்றாவது டப்பா.

இதே சேர்மானத்தில் பல கம்பெனிகள் களிம்பு செய்கின்றன. அதனால் பெயரை விட்டுவிட்டு, உள்ளே இருப்பதைச் சொல்கிறேன்: தேங்காய் எண்ணெய், தேன்மெழுகு, மெந்தால், கற்பூரம், லாவெண்டர் எண்ணெய், கடைசியாகக் காலெண்டுலா என்ற சாமந்தி வகைப் பூவின் சாறு. டப்பாவின் மேல் பெரிதாகப் படம் போட்டிருப்பது அந்தப் பூவைத்தான். ஆனால் இந்த மாதிரிப் பட்டியலில் அதிகம் உள்ள பொருள்தான் பொதுவாக முதலில் வரும். ஆக, வேலை செய்வது பெரும்பாலும் மெந்தாலும் கற்பூரமும்தான் என்பது என் கணிப்பு.

அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. மெழுகு கெட்டியாக இருக்கும். நகத்தால் சுரண்டி விரல் நுனியில் வைத்துத் தேய்த்தால் இளகும். கடித்த இடத்தில் தடவி எண்ணத் தொடங்கினால், முப்பதுக்குள் ஜிலுஜிலுவென்று வந்துவிடும். உண்மையில் தோல் குளிர்வதில்லை. குளிரை உணரும் நரம்பை மெந்தால் தூண்டிவிடுகிறது, அதில் அரிப்பு மறந்துபோகிறது. வீக்கம் அப்படியேதான் இருக்கும். ஆனாலும் மகள் கையை எடுத்துவிட்டுத் தூங்கிப்போகிறாள். எனக்கு அது பெரிய விஷயம். ஒன்றரை மணி நேரம் தாங்கும், அப்புறம் மறுபடி தடவ வேண்டும்.

ஒரு தப்பு செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் அவள் ஏற்கெனவே சொறிந்து தோல் உரிந்திருந்த இடத்தில் தடவிவிட்டேன். துடித்துப்போனாள். சோப்புப் போட்டுக் கழுவியும் எரிச்சல் அடங்கப் பத்து நிமிடம் ஆனது. உரிந்த தோலில் போடக்கூடாது என்று டப்பாவின் அடியில் எறும்பு சைஸ் எழுத்தில் இருக்கிறது. அதை முன்பக்கமே போட்டிருக்க வேண்டும். கற்பூரம் இருப்பதால் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இது வேண்டவே வேண்டாம். டப்பாவையும் அவர்கள் கைக்கு எட்டாமல் வையுங்கள். கற்பூரம் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரலாம்.

சொறிந்த இடங்களுக்கு இப்போது சோற்றுக்கற்றாழைதான். மடலை வெட்டியதும் அடிப்பக்கம் மஞ்சளாக ஒரு பால் வடியும். அதுவே சிலருக்கு அரிப்பைக் கொடுக்கும். மடலைச் செங்குத்தாக நிறுத்தி அதை வடியவிட்டு, கழுவி, தோலைச் சீவி, உள்ளே இருக்கும் கண்ணாடி போன்ற சதையை மட்டும் வைக்க வேண்டும். மெந்தால் அளவுக்கு அரிப்பை அடக்காது, ஆனால் எங்கள் அனுபவத்தில் எரியவும் இல்லை.

குளவி கொட்டியபோது களிம்பு எதற்கும் உதவவில்லை. துணியில் சுற்றிய ஐஸ்தான் கைகொடுத்தது. தேனீயாக இருந்தால் முதலில் கொடுக்கை எடுங்கள். எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதுதான் முக்கியம். உதடோ நாக்கோ வீங்கினாலும் மூச்சு வாங்கினாலும் களிம்பைத் தேடிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

புதிதாக வாங்குபவர்கள் முன்கையின் உட்பக்கம் கொஞ்சம் தடவி இரண்டு நாள் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். சாமந்தி வகைப் பூக்கள் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் காலெண்டுலாவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

என் பெரிய குறை மூடிதான். அழுத்தி மூடும் வகை. பைக்குள் தானாகத் திறந்துகொள்கிறது. முதல் டப்பா அப்படித்தான் வாசனை போய்ப் பாதியிலேயே வீணானது. லாவெண்டர் எண்ணெய் காற்றுப் பட்டுப் பழசானால் ஒவ்வாமை தரும் வாய்ப்பும் கூடும். திருகு மூடி போட்டால் ஐந்துக்கு ஐந்து கொடுத்திருப்பேன், இப்போதைக்கு மூன்றரை. மூன்றாவது டப்பாவுக்கு ஒரு ரப்பர் பேண்ட் போட்டு, திறந்த தேதியை மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறேன்.