பாரிஸ் பூயோன் ஷார்த்தியே: பரிமாறுபவரின் விறைப்பும் காகித விரிப்பில் எழுதிய கணக்கும்

பாரிஸுக்குப் போகிறேன் என்று சொன்னவுடன், போய் வந்த நண்பர்கள் எல்லாரும் ஒரே எச்சரிக்கையைத்தான் சொன்னார்கள்: அங்கே உணவகங்களில் பரிமாறுபவர்கள் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள், பிரெஞ்சுக்காரர்களே கர்வம் பிடித்தவர்கள். அந்தப் பேச்சில் எவ்வளவு நியாயம் இருக்கிறது என்ற கேள்வியை மனதில் வைத்துக்கொண்டே, ஃபொபூர் மொன்மார்த்ர் தெருவில் 7-ஆம் எண் கட்டடத்தின் முற்றத்தைக் கடந்து உள்ளே அமைந்திருக்கும் பூயோன் ஷார்த்தியே உணவகத்தில் ஒரு மதியம் சாப்பிட்டேன்.

பூயோன் என்பது இறைச்சியையும் எலும்பையும் வேகவைத்து எடுக்கும் சாறு. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில், துவால் என்ற இறைச்சி வணிகர் பாரிஸ் தொழிலாளர்களுக்கு அந்தச் சாற்றையும் வெந்த இறைச்சியையும் மலிவாக வழங்கத் தொடங்கியதால், அவ்வகை உணவகங்களுக்கே அப்பெயர் நிலைத்துவிட்டது. ஷார்த்தியே 1896-இல் திறக்கப்பட்டது. உயர்ந்த கண்ணாடிக் கூரை, சுவர் நிறையக் கண்ணாடிகள், தலைக்கு மேலே பொருள்கள் வைக்கும் பித்தளைத் தாங்கிகள், அன்றாடம் வந்தவர்கள் தங்கள் கைத்துணியை வைத்துச் சென்ற எண்ணிட்ட சிறு மர இழுப்பறைகள் என அந்தக் காலத்துக் கூடம் அப்படியே இருக்கிறது.

பல பைகள் தைத்த கறுப்பு அரைச்சட்டையும் கணுக்கால் வரை நீளும் வெள்ளை முன்துணியும் அணிந்த பரிமாறுபவர், நால்வர் அமரும் மேசையில் முன்பின் தெரியாத ஒரு முதியவருக்கு எதிரே என்னை உட்கார வைத்தார். புன்னகை இல்லை, நலம் விசாரிப்பும் இல்லை. நான் சொன்ன மூன்று உணவுகளையும் மேசையில் விரித்திருந்த காகிதத்தின் ஓரத்திலேயே கிறுக்கிவிட்டு, அடுத்த மேசைக்குப் போய்விட்டார். என் நண்பர்கள் கண்டது இதைத்தான் என்றால், கண்டது உண்மை. அதற்குக் கற்பித்த பொருள்தான் தவறு. அவர் என் டிப்ஸை எதிர்பார்த்து நிற்கவில்லை. பிரான்சில் பட்டியலில் அச்சிட்ட விலையிலேயே சேவைக் கட்டணமும் அடங்கியிருக்க வேண்டும் என்பது சட்டம். மேலே கொடுப்பது நம் விருப்பம். சம்பளத்துக்குத் தன் தொழிலைச் சுத்தமாகச் செய்யும் ஒருவர் என்னிடம் குழையவில்லை என்பதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு நாட்களுக்கு முன் வேறொரு காப்பிக் கடையில் நான் அவமதிக்கப்பட்டதாக நினைத்துக் கொதித்ததையும் இங்கே சொல்ல வேண்டும். உள்ளே நுழைந்ததும் நேராக ஆங்கிலத்தில் விலை கேட்டேன்; கடைக்காரர் என்னைப் பார்க்காமலே வெகுநேரம் நிற்க வைத்தார். பாரிஸ் உணவகச் சமையலறைகளில் வேலை செய்யும் ஈழத்தமிழர் பலருள் ஒருவரான என் பெரியப்பா மகன் அதைக் கேட்டுவிட்டு, "தம்பி, நீ போன்ஜூர் சொன்னனியோ?" என்று மட்டும்தான் கேட்டார். அங்கே வணக்கம் சொல்லாமல் பேச்சைத் தொடங்குவதுதான் முதல் மரியாதைக் குறைவு. அதற்காக அந்தக் கடைக்காரரின் நடத்தையை நான் முழுவதுமாக நியாயப்படுத்த மாட்டேன். வெளியூர்க்காரனுக்கு அந்த வழக்கத்தை அவர் ஒரு சொல்லால் உணர்த்தியிருக்கலாம். முறைமையில் பிரெஞ்சுக்காரர்கள் கறார் என்ற பேச்சு பொய்யில்லை என்றே நினைக்கிறேன்.

சாப்பாடு எளிமையானது, நிறைவானது. அவித்த முட்டையின் மேல் கெட்டியான மயோனைஸ். சிவப்பு வைனில் நெடுநேரம் வெந்து, முள்கரண்டி பட்டாலே நார் நாராகப் பிரியும் மாட்டிறைச்சி. கடைசியில், பரிமாறுபவர் மேசையிலேயே சூடான சாக்லேட் சாற்றை ஊற்றித் தந்த ப்ரொஃபித்ரோல் என்ற, உள்ளே இனிப்பு நிரப்பிய மாவுப் பலகாரம். ரொட்டிக் கூடைக்கும் குழாய்த் தண்ணீர்க் குடுவைக்கும் காசில்லை. நத்தையும் பட்டியலில் இருந்தது. ஆனால் என் கண்ணுக்கு எட்டிய மேசைகளில் வறுத்த கோழியும் உருளைக்கிழங்கும்தான் நிறைந்திருந்தன. சைவ உணவுக்காரர்களுக்குத் தெரிவுகள் குறைவு.

பிரெஞ்சுக்காரர்கள் மணிக்கணக்கில் சாப்பிடுவார்கள் என்பது இந்தக் கூடத்துக்குப் பொருந்தாது. தட்டு காலியானால் அடுத்தது வந்துவிடுகிறது. ஆயினும் கணக்கை நாமாகக் கேட்கும்வரை பொதுவாகக் கொண்டுவர மாட்டார்கள். கேட்காமல் நீட்டுவது விருந்தினரை எழுப்பி விரட்டுவது போலாகும் என்பது அங்குள்ள வழக்கம். இதையும் அலட்சியம் என்று எண்ணிக் கோபித்துக்கொள்பவர்கள் உண்டு.

எதிரே இருந்த முதியவர் நான் உட்கார்ந்தபோது வணக்கமும், என் தட்டு வந்தபோது "போனப்பெத்தி" என்று நல்வாழ்த்தும், எழுந்து போகும்போது நல்ல பொழுதாக அமையட்டும் என்ற வாழ்த்தும் சொன்னார். இடையில் ஒரு வார்த்தை இல்லை. நான் கணக்குக் கேட்டதும், பரிமாறுபவர் காதிலிருந்த பேனாவை எடுத்து, காகித விரிப்பில் முன்பு கிறுக்கிய பெயர்களுக்கு நேராக விலைகளை எழுதி, நொடியில் கூட்டி அடிக்கோடிட்டார். 20 யூரோவை ஒட்டி வந்தது. முன்பதிவு கிடையாது, வாசலில் வரிசை நீளும். இடைவேளையின்றி நாள் முழுவதும் பரிமாறுவதால் பிற்பகல் 3 மணிக்கு மேல் போவது நல்லது. உள்ளே நுழைந்ததும் முதலில் போன்ஜூர் சொல்லுங்கள்.