வால் முடியை உறையில் போட்டு அனுப்பிய ஐந்து வருடம்

மரபணு சோதனைக்கென்று முதல் தடவை நான் அனுப்பிய மாட்டு முடியைச் சோதனைக்கூடத்தில் எடுத்துக்கொள்ளவே இல்லை. வால் குஞ்சத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி, பிளாஸ்டிக் கவரில் கட்டி அனுப்பியிருந்தேன். "வேர் எங்கே?" என்று போனில் கேட்டார்கள். முடியைப் பிடுங்கினால் அடியில் வெள்ளையாகக் கடுகளவு ஒட்டிக்கொண்டு வருமே, அதில்தான் அவர்களுக்கு வேண்டிய செல் இருக்கிறது. நாலைந்து முடியாக விரலில் சுற்றி வெடுக்கென்று இழுக்க வேண்டும். முப்பது முடியாவது வேண்டும், வேரில் கை படக்கூடாது, காகித உறையில்தான் போட வேண்டும். பிளாஸ்டிக் கவர் வியர்த்துப் பூஞ்சை பிடித்துவிடும். இரண்டாம் தடவை பிடுங்கியபோது லட்சுமி விட்ட உதையில் நசுங்கிய பால் சொம்பு இன்னும் வீட்டில் இருக்கிறது.

வேலூர் மாவட்டம் ஒடுகத்தூர் பக்கம் எனக்கு ஐந்து மாடு. மூன்று ஜெர்சி கலப்பு, ஒரு நாட்டுப் பசு, ஒரு கிடேரி. ஐந்து வருடத்தில் வெவ்வேறு காரணத்துக்காக மரபணு சோதனை செய்திருக்கிறேன். சிலது காசுக்குத் தகுந்தது, சிலது வீண்.

எல்லாரும் முதலில் கேட்பது ஏ2 பற்றித்தான். பாலில் பீட்டா கேசின் என்று ஒரு புரதம், அதில் 209 அமினோ அமிலங்கள். 67வது இடத்தில் புரோலின் இருந்தால் ஏ2, ஹிஸ்டிடின் இருந்தால் ஏ1. அவ்வளவுதான் வித்தியாசம். தாய் வழி ஒன்று, தகப்பன் வழி ஒன்று என்று இரண்டையும் சேர்த்து எழுதுவார்கள். நாட்டுப் பசு ஏ2ஏ2 என்று வந்தது, அதைக் காசு கொடுத்துத் தெரிந்துகொண்டிருக்கவே வேண்டாம். நம் நாட்டு மாடுகளில் பெரும்பாலும் அப்படித்தான். கலப்பு மாட்டில் இரண்டு ஏ1ஏ2, ஒன்று ஏ2ஏ2. சத்துவாச்சாரியில் பால் வாங்கும் ஓர் அம்மா அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தார். மூன்று மாதம் கொடுத்தார், அப்புறம் பாக்கெட் பாலுக்குப் போய்விட்டார். பால் சொசைட்டியில் கொழுப்பும் எஸ்என்எஃபும் (கொழுப்பு போக மிச்சமுள்ள திடச்சத்து) பார்த்துத்தான் காசு, ஏ2 என்று தனி விலை கிடையாது. 2024 ஆகஸ்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஏ1, ஏ2 என்று லேபிளில் போடக்கூடாது என்று சொல்லிவிட்டு, ஒரு வாரத்துக்குள் அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது. அதிக விலையை நம்பி இந்தச் சோதனைக்குப் போகாதீர்கள்.

எனக்கு உண்மையிலேயே உதவியது தகப்பன் சோதனை. லட்சுமி காளைக்குக் கத்தியதும் மாட்டாஸ்பத்திரிக்கு ஓட்டிப்போய் ஜெர்சி காளையின் சினை ஊசி போட்டு வந்தேன். அன்று ராத்திரியே பக்கத்துக் கொல்லையில் கட்டியிருந்த காளை கயிற்றை அறுத்துக்கொண்டு வந்துவிட்டது. எருது விடும் விழாவுக்கென்று வளர்க்கும் காளை, வேலியெல்லாம் அதற்கு ஒரு பொருட்டா? கன்று பிறந்து வளர வளர முதுகில் திமில் எழும்பியது. காளைக்காரர் வந்து பார்த்துச் சிரித்தார்: "இன்னா மாமா, ஊசிக் கன்னுன்னு சொன்னியே, திமிலப் பாத்தா எங்க ஊட்டுப் புள்ள மாதிரியே கீது!"

ஊசிக் காளையின் மாதிரி என் கையில் இல்லை. ஆனால் இந்தக் காளையின் வால் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. தாய், கன்று, காளை மூன்றின் முடியும் போனது. ஒவ்வொரு மரபணுக் குறியீட்டிலும் கன்றுக்குப் பாதி தாயிடமிருந்தும் பாதி தகப்பனிடமிருந்தும் வர வேண்டும். ஒத்துவராத குறியீடுகள் சில இருந்தாலே இந்தக் காளை தகப்பன் இல்லை என்று தீர்த்துச் சொல்லிவிடுவார்கள். எல்லாமே ஒத்துப்போனால் 'விலக்க முடியவில்லை' என்று எழுதி, பக்கத்தில் சதவீதம் போடுவார்கள். எனக்கு வந்தது அந்த இரண்டாவது பதில்தான்.

இது வெட்டி வம்பு இல்லை. எங்கள் ஊரில் இரண்டு மூன்று ஊசி தவறினால் மாட்டை அந்தக் காளையிடம்தான் ஓட்டிப்போவோம். நானும் இந்தக் கிடேரியை அப்படித்தான் ஓட்டிப்போயிருப்பேன். தகப்பனுக்கே மகளைச் சேர்த்தால் பிறக்கும் கன்றின் உள்ளினச் சேர்க்கை, அதாவது சொந்த ரத்தத்துக்குள்ளேயே சேர்ந்த அளவு, 25 சதவீதம். ஐந்து மாடு வைத்திருப்பவனுக்கு ஒரு கன்று வீணானாலே அந்த வருடம் போச்சு.

அதன் பிறகு ஒரு நோட்டு போட்டேன். ஊசி போட்டு முடித்ததும் காளை விந்து இருந்த அந்தக் காலிக் குச்சியைக் கேட்டு வாங்கி, தேதி எழுதி ஒட்டிவிடுவேன். பேனா ரீஃபிளை விடச் சன்னம், மேலே பொடி எழுத்தில் காளை எண் இருக்கும், வெயிலில் பிடித்தால்தான் படிக்க முடியும். ஒட்டி வந்ததில்தான் தெரிந்தது, தாய்க்குப் போட்ட காளையின் எண்ணே மகளுக்கும் வந்திருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க எந்தச் சோதனையும் தேவைப்படவில்லை.

இன்னொரு கலப்பு மாடு இரட்டைக் கன்று போட்டது, ஒன்று காளை, ஒன்று கிடேரி. "அந்தப் பொட்டை சினை புடிக்காது, வித்துடு" என்றார் அம்மா. கருவிலேயே இரண்டின் ரத்தமும் கலந்து, காளைக் கன்றின் ஹார்மோன் கிடேரியின் கருப்பையை வளரவிடாமல் செய்துவிடும். பத்தில் ஒன்பது இப்படி மலடாகத்தான் நிற்கும். பத்தில் அந்த ஒன்றாக இருந்துவிட்டால்? இந்த ஆசையில்தான் சோதித்தேன். இதற்கு முடி சரிப்படாது, ரத்தம்தான் எடுக்க வேண்டும், காளையின் செல் கலந்து நிற்பது ரத்தத்தில்தான். முடிவு அம்மா சொன்னபடியே வந்தது. அதற்கு முன்பே டாக்டர் மழுங்கிய குழாயை உள்ளே விட்டுப் பார்த்து, வழி குட்டையாக இருக்கிறது என்று சொல்லியிருந்தார். அதையாவது நம்பியிருக்கலாம். ஆனாலும் இரண்டு வருடத் தவிடும் புண்ணாக்கும் மிச்சம்.

பால் எவ்வளவு கறக்கும் என்று மரபணுவைப் பார்த்து முன்கூட்டியே சொல்லும் சிப் சோதனைக்கு நான் போகவில்லை. 2024 அக்டோபரில் மத்திய அரசு நாட்டு மாடுகளுக்கு கௌ சிப், எருமைக்கு மகிஷ் சிப் என்று வெளியிட்டது. அப்படிக் கணிக்க வேண்டுமென்றால் அதே இனத்தில் ஆயிரக்கணக்கான மாடுகளின் பால் கணக்கு எழுதி வைத்திருக்க வேண்டும். பொய்கைச் சந்தையில் ஒரு செவ்வாய்க்கிழமை வாங்கி வந்த, இன்ன இனமென்றே சொல்ல முடியாத என் பசுவுக்கு யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்?

லட்சுமியின் அந்தத் திமில் கிடேரி போன வாரம் பருவத்துக்கு வந்தது. நோட்டைக் கையோடு எடுத்துப்போய், அதில் இல்லாத காளை எண்ணாகக் கேட்டு ஊசி போட்டு வந்தேன். பக்கத்துக் கொல்லைக் காளைக்கு இரட்டைக் கயிறு போடச் சொல்லியிருக்கிறேன்.