சொந்த வீடா, வாடகை வீடா: சிங்கப்பூரும் ஜெர்மனியும்

சிங்கப்பூரில் பத்தில் ஒன்பது குடும்பத்துக்குச் சொந்த வீடு. ஜெர்மனியிலோ ஏறக்குறைய பாதிப் பேர் வாடகைக்கு இருக்கிறார்கள். இரண்டும் பணக்கார நாடுகள்தான், அதனால் ஜெர்மானியர்கள் காசில்லாமல்தான் வாடகைக்கு இருக்கிறார்கள் என்று சொல்லிவிட முடியாது.

சிங்கப்பூரில் பெரும்பாலானோர் இருப்பது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய வீடுகளில். 1968இலிருந்து மத்திய சேமநிதிப் பணத்தை (சம்பளத்தில் பிடிக்கும் கட்டாயச் சேமிப்பு) எடுத்தே வாங்கலாம் என்பதால் தவணை அவ்வளவாகக் கையைக் கடிக்காது. ஆனால் அந்தச் சொந்தம் 99 வருடக் குத்தகைதான், கெடு முடிந்தால் வீடு அரசுக்கே போய்விடும். வாங்கிக் குறைந்தது ஐந்து வருடம் குடியிருக்காமல் விற்கவும் முடியாது. 1989இல் வந்த இன ஒதுக்கீடு வேறு இருக்கிறது, உங்கள் புளோக்கில் ஓர் இனத்தாரின் அளவு நிரம்பிவிட்டால் யாருக்கு விற்கலாம் என்பதையும் அதுதான் சொல்லும். பட்டா, பத்திரம் என்று வளர்ந்த நமக்கு இதெல்லாம் சொந்தமா என்றுதான் தோன்றும்!

ஜெர்மனியில் வாடகைக்காரர் கெத்தாக இருக்கலாம். சட்டம் ஏற்கும் காரணம் இல்லாமல் காலி செய்யச் சொல்ல முடியாது, அட்வான்ஸும் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது (சென்னையில் பத்து மாதம் கொடுத்தவர்கள் பெருமூச்சு விடலாம்). பல வீடுகளில் சமையலறை வெறும் தண்ணீர்க் குழாயோடுதான் வரும். ஸிங்க், அடுப்பு, அலமாரி எல்லாம் குடிவருபவரே வாங்கிப் பொருத்தி, போகும்போது கழற்றிக்கொண்டு போவார், இல்லையென்றால் அடுத்து வருபவரிடம் விலை பேசுவார்.

நிம்மதியாக ஒரே இடத்தில் இருப்பதுதான் வேண்டுமென்றால், எனக்கு ஜெர்மனிக் கணக்கே சரியாகப் படுகிறது. ஆனால் பெர்லினில் இப்போது வாடகைக்கு வீடு கிடைப்பதே குதிரைக்கொம்பு.