'முழு அலையியற்றி': ஒரு காப்புரிமைச் சொல்லுக்கு இரண்டு பொருள்

சிப் சூடேறினால் அதிலுள்ள டிரான்சிஸ்டர்கள் மந்தமாகும். செயலியின் வேகத்தை நிர்ணயிக்கும் கடிகாரத் துடிப்பு வெளியிலிருந்து நிலையாக வந்தால், கடும் வெப்பத்திலும் தாங்கக்கூடிய வேகத்துக்குள்ளேயே நுண்செயலியை எப்போதும் ஓட்ட வேண்டியிருக்கும். சார்லஸ் மூரும் ரஸ்ஸல் ஃபிஷ்ஷும் 1989இல் முதலில் கொடுத்த விண்ணப்பத்திலிருந்து பிரிந்து, 1998இல் வழங்கப்பட்ட அமெரிக்கக் காப்புரிமை 5,809,336 இதற்கு அழகான வழி சொன்னது. வளைய அலையியற்றியை, அதாவது அந்தத் துடிப்பை உண்டாக்கும் சுற்றை, செயலியோடு ஒரே சிப்பில் வைத்துவிட்டால், வெப்பம் செயலியைத் தளர்த்தும்போது கடிகாரமும் தானாகவே தளரும்.

ஹூவாவே, சாம்சங், எல்ஜி, நின்டெண்டோ முதலிய நிறுவனங்கள் இந்தக் காப்புரிமையை மீறியதாக அதன் உரிமைத் தரப்பான டெக்னாலஜி பிராபர்ட்டீஸ் தொடுத்த வழக்கு, காப்புரிமையில் உள்ள 'முழு அலையியற்றி' என்ற சொல்லில் வந்து நின்றது.

உரிமையாளர் சொன்ன பொருள் எளியது: அலையியற்றி முழுவதும் அந்தச் சிப்பில் இருந்தால் போதும். சொல்லை மட்டும் பார்த்தால் இதில் குறையில்லை. இதே காப்புரிமையை மீறியதற்காக 2013இல் சான் ஹோசே ஜூரி ஒன்று, எச்டிசி நிறுவனம் 9,58,560 டாலர் தர வேண்டும் என்றது.

எதிர்த்தரப்பு கையில் எடுத்தது காப்புரிமை அலுவலகக் கோப்பு. மாகர், ஷீட்ஸ் ஆகியோரின் முந்தைய காப்புரிமைகள் குறுக்கே நின்றபோது, விண்ணப்பதாரர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்: மாகருடையது சிப்புக்கு வெளியே சீராக அதிரும் படிகத்தால் வேகம் நிலைப்படுத்தப்பட்டது, எங்களுடையது அப்படியல்ல, ஷீட்ஸுடையதற்கு வேகத்தை மாற்றக் கட்டளை வேண்டும், எங்களுடையதற்கு வேண்டாம்.

படிகத்தைப் பொறுத்தவரை எதிர்த்தரப்பே சரி என்பது என் உறுதியான கருத்து. காப்புரிமை பெறுவதற்காக விட்டுக்கொடுத்ததை வழக்குமன்றத்தில் திரும்பக் கேட்பது, அந்தக் கோப்பை நம்பித் தொழில் செய்தவர்களுக்கு அநீதி. கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2017இல் அதையே சொன்னது: தேவைக்கு மேல் விட்டுக்கொடுத்திருந்தாலும் விட்டது விட்டதுதான்.

கட்டளை விஷயத்தில் மட்டும் கீழமை நீதிமன்றம் அகலமாக வெட்டிவிட்டது. 'கட்டுப்பாட்டுச் சமிக்ஞை எதுவும் தேவைப்படாத' என்ற அதன் விளக்கத்தை, 'கடிகார அதிர்வெண்ணை மாற்றக் கட்டளை தேவைப்படாத' என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சுருக்கி, வழக்கைத் திருப்பி அனுப்பியது. இந்த மாற்றத்தால் முடிவு மாறாமல் போகலாம் என்றும் சேர்த்தே சொன்னது. ஆனாலும் அது தேவையான திருத்தம். ஒருவர் கைவிட்டதாக எழுதிய அளவுக்கு மேல் அவரிடமிருந்து பறிக்கக் கூடாது.

இன்றைய கைபேசிச் சிப்கள் வெப்ப உணரியைப் படித்து, கட்டளை கொடுத்தே அதிர்வெண்ணைக் குறைக்கின்றன. மூரும் ஃபிஷ்ஷும் தங்களுடையதல்ல என்று எழுதிக் கொடுத்த பக்கத்தில்தான் அந்த முறை இருக்கிறது.