கீச்சிடும் பிரேக், தேய்ந்த டிஸ்க்: நான்கு வழிகளில் எதற்குப் பணம் தரலாம்?

வால்பாறையிலிருந்து ஆழியாறு வரை 40 கொண்டை ஊசி வளைவுகள். செகண்ட் ஹேண்டில் ஸ்கோடா ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ கார் வாங்கிய முதல் மாதமே அந்த மலையை இறங்கினேன். உச்சியில் லேசான கீச்சொலி. 9-ஆம் வளைவில் இருக்கும் லோம்ஸ் காட்சிமுனைக்கு வருவதற்குள் ஸ்டீயரிங் நடுங்கியது, பெடல் காலடியில் துடித்தது. 180 குதிரைத்திறன் கொண்ட வண்டியின் வேகத்தை ரசித்து வாங்கியிருந்தேன். அதை நிறுத்தும் பாகத்தைச் சரியாகப் பார்த்து வாங்கவில்லை.

ஊருக்கு வந்ததும் நான்கு பேர் நான்கு வழி சொன்னார்கள். சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டுதான் டிஸ்க், அதை இருபுறமும் அழுத்திப் பிடிப்பது பேட். பேடைக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்தால் போதும் என்றார் ஒருவர். "லேத்துல ஒரு ஃபேசிங் போட்டாச் சரியாப் போயிருமுங்க" என்றார் பட்டறை அண்ணன், அதாவது டிஸ்க்கின் முகத்தைக் கடைந்து சமமாக்குவது. டிஸ்க், பேட் இரண்டையும் புதிதாக மாற்றச் சொன்னார் இன்னொருவர். துளையும் வரியும் (மேற்பரப்பில் வெட்டிய பள்ளக் கோடு) போட்ட ஸ்போர்ட்ஸ் டிஸ்க் வாங்கு என்றார் கார் பைத்தியமான நண்பர். நான்கு வழிகளுக்கும் இடம் உண்டு. ஆனால் அளந்து பார்க்காமல் இதில் எதைச் செய்தாலும் குருட்டாம்போக்குதான். நான் அப்படித்தான் தொடங்கினேன்.

அளப்பது எப்படி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான டிஸ்க்குகளில் குறைந்தபட்ச தடிமன் அச்சிடப்பட்டிருக்கும். துரு படிந்திருந்தால் கம்பி பிரஷால் தேய்த்துப் பாருங்கள். என் வண்டியின் முன் டிஸ்க் புதிதாக இருக்கும்போது 25 மி.மீ., தேய்ந்து தூக்கிப் போட வேண்டிய அளவு 22 மி.மீ. தேய்ந்த டிஸ்க்கின் விளிம்பில் பேட் படாத இடம் ஒரு வரப்பு மாதிரி உயர்ந்து நிற்கும். தடிமன் அளக்கும் சாதா வெர்னியரை வைத்தால் அதன் தாடை அந்த வரப்பில் உட்கார்ந்து, டிஸ்க் நன்றாக இருப்பதாகப் பொய்க் கணக்குக் காட்டும். மைக்ரோமீட்டர் இல்லையென்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நாணயத்தை வைத்து அளந்து, நாணயங்களின் தடிமனைக் கழித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு சோதனையைச் செய்தாலே பாதி வாதம் முடிந்துவிடும்.

சத்தத்தையும் பிரித்துக் கேட்க வேண்டும். பெடலை மெல்ல அழுத்தும்போது மட்டும் கீச்சிட்டால், பேடும் டிஸ்க்கும் ஒட்டி ஒட்டி வழுக்குவதால் வரும் அதிர்வு அது. பிரேக் தொடாமலே கீச்சிட்டு, தொட்டதும் நின்றால் பேட் தேய்ந்ததை எச்சரிக்கும் உலோக நாக்கு டிஸ்க்கில் உரசுகிறது, அல்லது டிஸ்க்குக்கும் அதன் பின்னால் இருக்கும் தூசுத் தகட்டுக்கும் நடுவில் கல் சிக்கியிருக்கிறது. கரகரவென்று அரைத்தால் வண்டியை ஓட்டாதீர்கள். பேட் தீர்ந்து இரும்போடு இரும்பு மோதுகிறது.

சுத்தம் செய்து கிரீஸ் வைக்கும் வழியைச் சின்ன வேலை என்று ஒதுக்க வேண்டாம். டிஸ்க் நல்ல தடிமனோடு இருந்து, நடுக்கம் இல்லாமல் கீச்சொலி மட்டும் வந்தால் முதலில் செய்ய வேண்டியது இதுதான். பேடை அழுத்தும் காலிப்பரின் பின்கள் சரளமாக நகர வேண்டும். பேட் உட்காரும் இடத்தில் படிந்த துருவைச் சுரண்ட வேண்டும். கண்ணாடி மாதிரி பளபளத்த பேடை உப்புத்தாளில் தேய்த்து, அதன் முன்விளிம்பைச் சற்றுச் சாய்வாக்கினாலே பல வண்டிகளில் சத்தம் அடங்கிவிடும். பின்களுக்குச் சிலிகான் கிரீஸ்தான் வைக்க வேண்டும். சாதாரண பேரிங் கிரீஸ் ரப்பரை உப்ப வைத்துவிடும். பேடின் உரசும் முகத்தில் எந்தக் கிரீஸும் படக்கூடாது. செலவு சொற்பம், ஒரு காலைப்பொழுது போதும். ஆனால் பெடலில் துடிப்பு இருந்தால் இது அதைத் தொடவே தொடாது.

அடுத்தது லேத். கோவையில் தெருவுக்குத் தெரு லேத் உண்டு, கூலியும் புது டிஸ்க் விலையில் சிறு பங்குதான். அதனால் நானும் முதலில் அதற்குத்தான் போனேன். 23.1 மி.மீ. இருந்த டிஸ்க் ஃபேசிங் முடிந்து 22.4 ஆக வந்தது. ஓட்டிப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி நின்றது. இரண்டு மாதத்தில் நடுக்கம் திரும்பி வந்தது.

காரணம் பிறகுதான் புரிந்தது. சாதாரண லேத்தில் டிஸ்க்கைப் பிடித்து ஒரு முகத்தைக் கடைந்து, திருப்பி மாட்டி மறு முகத்தைக் கடைகிறார்கள். இரண்டு முகமும் இணையாக வரும் என்ற உறுதி இல்லை. தடிமன் சுற்றளவில் 0.02 மி.மீ. மாறினாலே பெடலில் தெரியும். அதைவிட முக்கியம், டிஸ்க்கும் சக்கரமும் மாட்டும் மையப் பகுதியான ஹப்பின் முகத்தில், என் வண்டியில் துரு கெட்டியாக இருந்தது. டிஸ்க்கை எவ்வளவு நேர்த்தியாகக் கடைந்தாலும் துருவின் மேல் உட்கார்ந்தால் அது கோணலாகத்தான் சுழலும். அந்தக் கோணல் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தைப் பேடில் உரசி, தடிமன் வித்தியாசத்தை மறுபடி உண்டாக்கும். டிஸ்க் 'வளைந்துவிட்டது' என்று நாம் சொல்வதில் பெரும்பாலானவை வளைவே அல்ல. இப்படி வந்த தடிமன் வித்தியாசம், அல்லது சூட்டில் பேடின் பொருள் திட்டுத்திட்டாகப் படிந்தது.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. டிஸ்க்கை வண்டியிலிருந்து கழற்றாமல் ஹப்பிலேயே வைத்துக் கடையும் இயந்திரம் கிடைத்தால், டிஸ்க் 24 மி.மீ.க்கு மேல் இருந்தால், தாராளமாகச் செய்யுங்கள். மற்றபடி மலை ஏறி இறங்கும் வண்டிக்கு நான் லேத்தைச் சொல்ல மாட்டேன். மெலிந்த டிஸ்க்கில் சூட்டை வாங்கிக்கொள்ள இரும்பு குறைவு. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தின்ன வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு.

துளையும் வரியும் போட்ட டிஸ்க்கைப் பற்றி நண்பரோடு இன்னும் வாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. அலாய் வீல் இடுக்கில் அது அழகாகத் தெரியும், மறுக்கவில்லை. போர்ஷே தன் கார்களில் துளையிட்ட டிஸ்க் தருகிறது, மழையில் முதல் பிடிப்பு அதில் நன்றாக இருக்கும். ஆனால் சந்தையில் வாங்கும் சாதா டிஸ்க்கில் பிறகு போட்ட துளை, தொடர்ந்து சூடேறும்போது விரிசல் தொடங்கும் இடம். பழைய காலப் பேட்கள் சூட்டில் கக்கிய வாயு வெளியேறத்தான் இந்தத் துளைகள் வந்தன. இன்றைய பேட்களில் அந்தப் பிரச்சினை மிகக் குறைவு. வரி மட்டும் வெட்டிய டிஸ்க் அதைவிடத் தேவலை. பேடின் முகத்தை வழித்துச் சுத்தமாக வைக்கும். செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தளத்தில் தன் காரை ஓட்டுபவர் அதை வாங்குவதில் அர்த்தம் உண்டு. அலுவலகத்துக்குப் போய்வரும் வண்டியில் பேட் சீக்கிரம் தேயும், ஒரு ரீங்காரமும் கூடவே வரும். கீச்சொலிக்கு மருந்து தேடிப் போனவருக்கு இது தேவையா?

என் பணம் போனது துளையில்லாத, துருத்தடுப்புப் பூச்சு கொண்ட புது டிஸ்க்குக்கு. ஏடிஇ, பிரெம்போ, சிம்மர்மன், டிஆர்டபிள்யூ என எந்த நிறுவனத்துடையதானாலும் என் மனம் ஏற்கும். இடதும் வலதும் சேர்த்தே மாற்ற வேண்டும், கூடவே புது பேட். பள்ளம் விழுந்த பழைய டிஸ்க்கில் புது பேடை மாட்டுவது பாதி வேலை. மேடுகளில் மட்டும் பேட் பட்டு, மறுபடி கீச்சிடும், நிற்கும் தூரமும் கூடும்.

பேடில்தான் நிதானமாக யோசிக்க வேண்டும். செராமிக் அமைதியானது, வீலில் கருந்தூள் படியாது. ஐரோப்பிய கார்களோடு வரும் உலோகம் கலந்த பேட் கடித்துப் பிடிக்கும், தூளும் கொஞ்சம் சத்தமும் தரும். பந்தயப் பேட் சூடேறினால்தான் பிடிக்கும். காலையில் தெருமுனை ஸ்பீட் பிரேக்கரில் அது கத்தவும் செய்யும், வழுக்கவும் செய்யும். பேடில் அச்சிட்ட இரண்டு எழுத்துகளைப் பாருங்கள். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு, இரண்டாவது அதிகச் சூட்டில். எஃப் என்றால் உராய்வெண் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. சூட்டில் எழுத்து இறங்கும் பேடை மலைக்கு வாங்காதீர்கள். ஈசிஇ ஆர்90 என்ற தர முத்திரை இருந்தால், ஒரிஜினல் பேடின் செயல்திறனிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகாது என்று சோதிக்கப்பட்டது. நான் ஊரிலும் மலையிலும் ஓட்டுவதால், எஃப் எஃப் குறியிட்ட உலோகக் கலவைப் பேடை எடுத்தேன்.

மாட்டும்போது பக்கத்திலேயே நின்றேன். டிஸ்க்கைப் பிடிக்கும் ஒற்றைத் திருகு துருவில் இறுகியிருந்தது. தட்டித் தட்டித்தான் கழன்றது. ஹப் முகத்தை இரும்பு மின்னும் வரை தேய்க்கச் சொன்னேன். அதற்கு ஆன இருபது நிமிடம்தான் முந்தைய பட்டறையில் விட்டுப்போனது. நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்துச் சுழற்றியபோது ஆட்டம் 0.05 மி.மீ.க்குள் இருந்தது. வீல் போல்ட்டை நியூமேட்டிக் கன்னால் இறுக்காமல், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் 120 நியூட்டன் மீட்டர் வைத்து இறுக்கினோம். ஏறுமாறாக இறுக்கினாலும் டிஸ்க் கோணும்.

அப்புறம் பிரேக் ஆயில். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 தர ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறினால் 155 வரை இறங்கலாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றாமல் மலை இறங்கினால், எவ்வளவு நல்ல டிஸ்க் இருந்தாலும் பெடல் பஞ்சாகிவிடும்.

புது ஜோடியைப் பழக்குவது கடைசி வேலை. விடியற்காலையில் வெறிச்சோடிய சாலையில் மணிக்கு 60 கி.மீ.யிலிருந்து 15 வரை மிதமாக, பத்து முறை. முழுதாக நிறுத்தக் கூடாது. பிறகு பிரேக்கை அதிகம் தொடாமல் 10 கி.மீ. ஓட்டி ஆறவிட வேண்டும். சூடான டிஸ்க்கை அழுத்திப் பிடித்தபடி சிக்னலில் நின்றால் பேடின் அச்சு அதில் பதிந்து, நடுக்கம் மறுபடி தொடங்கும்.

மறுமுறை வால்பாறை இறங்கியபோது கியரை மேனுவலுக்கு மாற்றி இரண்டாம் கியரிலேயே வைத்திருந்தேன். பெடல் துடிக்கவில்லை. மழை பெய்த இரவுக்கு மறுநாள் காலையில் முதல் இரண்டு மூன்று பிரேக்கில் மட்டும் ஒரு உரசல் கேட்கும். இரவில் டிஸ்க்கில் பூத்த மெல்லிய துருவைப் பேட் துடைக்கும் சத்தம் அது. அதற்கு எந்தப் பட்டறைக்கும் போக வேண்டாம்.