ஸ்டே வாங்கித் தருகிறோம் என்று 38,000 ரூபாய் வாங்கினார்கள், ஸ்டே இல்லவே இல்லை

வக்கீல் பிடித்துத் தரும் ஆப் ஒன்று. பெயரைப் போட்டால் அதற்கும் நோட்டீஸ் விடுவார்கள், அதனால் போடவில்லை. போனது 38,000 ரூபாய். அக்கா வளையலை அடகு வைத்த பணம்.

அக்கா மகனை அவன் அப்பாவிடம் ஒப்படைக்கச் சொல்லி குடும்ப நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தது. அப்பீல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் போட வேண்டும், கெடு 30 நாள். சான்றிட்ட நகல் வாங்க ஆகும் நாள் மட்டும் அதில் சேராது. ஊர் வக்கீல் 'மதுரையில் எனக்குப் பழக்கமில்லை' என்று கைவிரித்ததால் இந்த ஆப்பில் கேட்டோம்.

வீடியோ காலில் வந்தவர் கழுத்தில் வெள்ளைப் பட்டை, முதுகுக்குப் பின்னால் சிவப்பு அட்டைப் புத்தகங்கள். "பையன் எந்த கிளாஸ்?" என்று கேட்டார். அக்கா அழுதுவிட்டாள். "தம்பி, அக்காவைத் தைரியமா இருக்கச் சொல்லுங்க. அப்பீல் போட்டாலே தீர்ப்பு நின்னுடும்" என்றார். அந்த ஒரு பேச்சில் விழுந்து அன்று ராத்திரியே 38,000-ஐ அனுப்பி, நகலையும் கூரியரில் அனுப்பினோம்.

பிறகு ஒரு நம்பரோடு பி.டி.எஃப். வந்தது. "ஸ்டே ஃபைல் பண்ணியாச்சு, பையனை அனுப்ப வேண்டாம்." அக்கா அனுப்பவில்லை. எதிர்த்தரப்பு ஈ.பி. (தீர்ப்பை நிறைவேற்றக் கோரும் மனு) போட்டு நோட்டீஸ் வந்தபோதுதான் விஷயமே தெரிந்தது.

அது வெறும் எஸ்.ஆர். நம்பராம், தாள் கொடுத்ததற்கான அடையாளம். குறை இருந்தால் ரிஜிஸ்ட்ரி (கோர்ட் அலுவலகம்) திருப்பிவிடும், எல்லாம் சரியாக இருந்தால்தான் சி.எம்.ஏ. என்ற அப்பீல் நம்பர் விழும். எங்கள் தாள் திரும்பியிருக்கிறது. காரணம்? சான்றிட்ட நகல் இணைக்கப்படவில்லை! நாங்கள் அனுப்பிய நகல் அவர்கள் மேஜையில் கிடக்கிறது. இதற்குள் கெடுவும் தாண்டிவிட்டது.

போன் செய்தால் "சார் கோர்ட்ல இருக்காரு". அப்புறம் "டிக்கெட் ரெய்ஸ் பண்ணுங்க". அப்புறம் "டிராஃப்டிங் முடிஞ்சதால ரீஃபண்ட் கிடையாது". டிராஃப்டிங்குக்கா 38,000? வக்கீல் தொழிலை ஆன்லைனில் விளம்பரம் செய்வதற்கு எதிராக 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவு போட்டிருக்கிறது. இவர்களுக்கு அது காதிலேயே விழவில்லை போல.

இப்போது மதுரையில் வேறொரு வக்கீல், தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு, அதற்குத் தனி ஃபீஸ். ஈ.பி. வாய்தாவும் நெருங்குகிறது.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. இவற்றை மட்டும் பாருங்கள். அப்பீல் போட்டதாலேயே தீர்ப்பு நிற்காது, சிவில் நடைமுறைச் சட்டம் ஆணை 41 விதி 5-இலேயே இருக்கிறது. ஸ்டேக்குத் தனி மனு போட்டு, நீதிபதி உத்தரவு வந்தால்தான் ஸ்டே. அந்த உத்தரவைக் கண்ணால் பார்க்காமல் யார் பேச்சையும் நம்பி நடக்காதீர்கள். ஈ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கு நிலையை நீங்களே பாருங்கள். வக்காலத்தில் யார் பெயர், பணம் யார் கணக்குக்குப் போகிறது, இரண்டும் ஒன்றா என்று கேளுங்கள். பெண்களுக்குச் சட்ட உதவி மையத்தில் இலவசமாகவே வக்கீல் கிடைக்கும், எண் 15100. இதை எங்களுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை.

பார் கவுன்சிலுக்குப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். இதே வெள்ளைப் பட்டை, சிவப்புப் புத்தகம் ஆளிடம் பணம் கட்டியவர்கள் இருந்தால் மெசேஜ் போடுங்கள், சேர்ந்தே கொடுப்போம்.